பதினோரு நிமிஷம் அஞ்சு செகண்டு

ஜனவரி 12, ஞாயிறு

இந்த டைரியைப் பல் பசை கம்பெனிக்காரர் கொடுத்துப் பத்து நாளாகிறது. பக்கத்துக்குப் பக்கம் யாரோ பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள். எழுத ஒன்றுமில்லை என்று சும்மா வைத்திருந்தேன். இன்றைக்கு விஷயம் கிடைத்துவிட்டது. வயிறு எரிகிறது.

ஊசிக்கரடு என்கிற குன்றின் உச்சியில், கல்லூரிக்கு எதிரே இருக்கும் பல் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். டோக்கன் போடுவது, கொறடு கழுவுவது, ஊசியைப் பார்த்துவிட்டு நழுவப் பார்க்கிறவர்களை வாசலில் மறிப்பது, எல்லாம் நான்தான். வீடு கரட்டின் அடிவாரத்தில். நடுவில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். தினமும் லேடீஸ் சைக்கிளில்தான் போய் வருகிறேன்.

டாக்டர் சுபாஷினியும் சைக்கிள் ஓட்டுவார். அது வேறு சாதி சைக்கிள். ஒரு விரலில் தூக்கிவிடலாம். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, பெல் கூடக் கிடையாது. ஸ்டாண்டும் இல்லாததால் எக்ஸ்ரே அறையில், ஏசியில், சுவரில் சாய்ந்து நிற்கும். என் சைக்கிள் பின்பக்கம் ஜெனரேட்டர் ஓரத்தில் வெயில் காயும். முன்னால் நிறுத்தினால் பார்க்க ஒரு மாதிரி இருக்குமாம்.

இன்று காலை டாக்டருடைய சைக்கிள் கிளப்காரர்கள் கரட்டில் ஏறிவிட்டு ஆஸ்பத்திரியில் டீ குடிக்க வந்தார்கள். பதினாலு பேர். தொடையை ஒட்டிய கால்சட்டை, லாடம் அடித்த மாதிரி டக்டக்கென்று சத்தம் போடும் செருப்பு. ஞாயிற்றுக்கிழமையும் என்னை வரச் சொல்லிவிட்டார் டாக்டர், டீ போட.

அதில் காவ்யா என்று ஒரு பெண், ஐடி கம்பெனியில் வேலை. நல்ல பிள்ளை. "அக்கா, நீங்களும் சைக்கிள்லயா வர்றீங்க? தினமும் இந்த ஏத்தத்துலயா?" என்று வாயைப் பிளந்தது. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டாக்டர் சொல்லிவிட்டார்.

"அவங்க சைக்கிளிங் எல்லாம் பண்ணல காவ்யா. வேலைக்கு வர்றாங்க."

பதினாலு பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவது சைக்கிள். நான் ஒன்பது வருஷமாக ஓட்டுவது என்ன, உரலா? எனக்கு இனி ஒன்றே ஒன்றுதான் வேண்டும். மகுடேஸ்வரி சைக்கிள் ஓட்டுகிறவள் என்று அதே வாய் சொல்ல வேண்டும்.

டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். மறந்துதான் போனேன்.

ஜனவரி 13, திங்கள்

டாக்டர் பொங்கலுக்குத் தன்னுடைய பழைய கைக்கடிகாரத்தைக் கொடுத்தார். கறுப்பு ரப்பர் வார், சதுர முகம். புதுசு வாங்கிவிட்டாராம். "நேரம் பாக்க வச்சுக்கோங்க மகுடேஸ்வரி" என்றார். நேற்றைய பேச்சுக்குப் பரிகாரமோ என்னமோ. கட்டிப் பார்த்தேன், கைக்கு ஒரு கெத்து வந்தது. கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் லீவு முடிந்தது. வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

வழக்கம் என்றால், கரட்டு அடியில் முனியப்பன் கோயில் வளைவில் நிற்பேன். எட்டரைக்குச் சென்னியப்பன் பால் வண்டி கேன்களோடு முக்கிக்கொண்டு வரும். என்னைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் மெதுவாக்குவான். பின்கதவுச் சங்கிலியை இடது கையில் பிடித்துக்கொண்டால், வலது கையில் ஹேண்டில்பாரை நேராக வைத்திருப்பதுதான் என் வேலை. மேலே போய்ச் சேரும் வரைக்கும் அவன் மருமகள் புராணம் கேட்டுக்கொண்டே வரலாம். கரட்டுக்கு வேலைக்குப் போகிற சைக்கிள்காரர்கள் எல்லாரும் லாரியோ டிராக்டரோ எதையாவது பிடித்துத்தான் ஏறுவார்கள். பிடிக்காமல் ஏறினால் போய்ச் சேர்ந்து வேலை பார்க்க யாருக்குத் தெம்பு இருக்கும்?

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் கடிகாரம் தானாக டிங் என்றது. நேரம் சரியாகத்தான் காட்டுகிறது.

டாக்டர் காரில் வந்தார். பத்து மணிக்கு.

ஜனவரி 18, சனி

காலையிலிருந்து டாக்டர் போன் ஓயவில்லை. ஒரே வாழ்த்து. வாயைத் திறந்து வைத்திருந்த நோயாளி திறந்தபடியே இருபது நிமிஷம் கிடந்தார்.

விஷயம் இதுதான். கிளப்காரர்கள் எல்லார் போனிலும் ஒரு ஆப் இருக்கிறது. யார் எந்த ஏற்றத்தை எத்தனை நிமிஷத்தில் ஏறினார்கள் என்று கடிகாரத்திலிருந்து வாங்கித் தானாக வரிசை போடும். ஊசிக்கரட்டில் பெண்களில் முதலிடத்துக்குக் 'கரட்டு ராணி' என்று பட்டம். காவ்யா பதினொன்று நாற்பத்தெட்டில் ஏறி ராணியாக இருந்தது. டாக்டர் இரண்டு வருஷமாகத் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் பதின்மூன்று இருபதுக்குக் கீழே இறங்கவில்லை. நேற்றுத் திடீரென்று டாக்டர் சுபாஷினி பெயரில் பதினோரு நிமிஷம் அஞ்சு செகண்டு என்று விழுந்திருக்கிறது.

"தேங்க்ஸ்... ஆமா, நேத்துக் காலைல... காத்து சாதகமா இருந்துச்சு," என்று டாக்டர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். முகம் மட்டும் குழம்பிப்போய் இருந்தது.

நேற்றுக் காலையில் டாக்டருக்குக் கார் கதவைத் திறந்துவிட்டது நான். என் மணிக்கட்டைப் பார்த்தேன். கடிகாரம் இன்னும் பழைய எஜமானி பெயரில்தான் இருக்கிறது போல.

பஞ்சு டப்பாவை நிரப்பப் போய்விட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

துணி துவைத்தேன். அடிக்கடி சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

டாக்டர் முகம் வாடக் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"மகுடேஸ்வரி, அந்த வாட்ச்ச வெள்ளிக்கிழமை கட்டிட்டு வந்தீங்களா?"

"கட்டிட்டுத்தானுங்க வந்தேன்."

"எதுல வந்தீங்க?"

"சைக்கிள்லதானுங்க."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நோயாளி உட்காரும் நாற்காலி. ரொம்ப நேரம் என் காலையே பார்த்தார். பிறகு பின்பக்கம் போய் என் சைக்கிளைப் பார்த்தார். முன்னால் கூடை, பின்னால் கேரியர், செயின் கவரில் ஓட்டை. திரும்பி வந்து, "இதுலயா?" என்றார்.

"அது ஒண்ணுதானுங்களே என்றகிட்ட இருக்குது."

அவர் கையை நீட்டினார். கடிகாரத்தை வாங்கி ஏதோ அமுக்கி, இனி தன் பெயரில் நேரம் சேராது என்று திருப்பிக் கொடுத்தார். கண்ணில் ஒரு மரியாதை. ஒன்பது வருஷத்தில் நான் பார்க்காதது. சங்கிலி விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் டோக்கன் யார் போடுவது?

ஜனவரி 21, செவ்வாய்

என் சைக்கிளை முன்பக்கப் போர்ட்டிகோவில் நிறுத்தச் சொல்லிவிட்டார். நோயாளி ஒருவர் யாருடையது என்று கேட்டதற்கு, "எங்க மகுடேஸ்வரிக்காவோடது. பெரிய சைக்கிளிஸ்ட்," என்றார்.

அக்கா என்றதைக் கவனித்தேன். சைக்கிளிஸ்ட் என்றதையும் கவனித்தேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. சோறு இறங்க வேண்டியதுதானே? மத்தியானம் பாதி டப்பாவை அப்படியே மூடிவிட்டேன். ரசம் புளிப்பு ஜாஸ்தி.

ஜனவரி 22, புதன்

சிக்கல். கிளப் கேப்டன் நிதின் என்கிற ஆள், குடியரசு தினத்தன்று கரட்டில் போட்டி வைத்திருக்கிறார். புது ராணி எல்லாருக்கும் கடைசியில் கிளம்பி எல்லாரையும் பிடித்துக் காட்ட வேண்டுமாம். டாக்டர் மதியம் கதவைச் சாத்திவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"அக்கா, அன்னைக்கே இது என்னோடது இல்லைன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல. ரெண்டு வருஷமா ஏங்கினது அக்கா, கையில வந்து விழுந்ததும் விட மனசு வரல."

அவர் கண் கலங்கியது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"இப்ப எனக்கு நீங்கதான் சொல்லித்தரணும். எப்படி அவ்வளவு வேகமா ஏறுனீங்க? என்ன சாப்பிடறீங்க?"

"கம்மங்கூழுங்க."

"மூச்சு எப்படி விடுவீங்க?"

"மூக்குலதானுங்க."

அதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு சிரிக்காமல் நின்றேன். டப்பா டப்பாவாக வைத்திருந்த சத்துப் பவுடரை எல்லாம் ஓரங்கட்டிவிட்டார். நாளைக்கு ஒரு தூக்குப்போசி கூழ் கொண்டுபோக வேண்டும்.

ஜனவரி 23, வியாழன்

டாக்டர் கூழ் குடித்தார். சின்ன வெங்காயம் கடித்தார். அந்த வாயோடு நாலு பேருக்குப் பல் பார்த்தார். நாலாவது ஆள் மாஸ்க் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஒரு குண்டு போட்டார். நாளைக் காலையில் என்கூடவே சேர்ந்து ஏறிப் பார்க்கிறாராம். எனக்கு முட்டி வலி என்றேன். உடனே உட்காரவைத்து, தன் கையாலேயே கால்முட்டிக்கு நீலக் கலரில் கட்டுப் போட்டுவிட்டார். என் காலை இதுவரை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை, பெற்றவளைத் தவிர. முட்டி நாளைக்கு வலித்தாலும் வலிக்கலாம். அதனால் இதைப் பொய் என்று சொல்ல முடியாது.

ஜனவரி 24, வெள்ளி

முட்டி வலிக்கவில்லை. கட்டை அவிழ்க்கவில்லை.

ஜனவரி 25, சனி

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். வாயெடுத்தபோது வேர் சிகிச்சைக்கு ஆள் வந்துவிட்டது. மறுபடி வாயெடுத்தபோது கரண்ட் போய்விட்டது. கிளம்பும்போது டாக்டரே முந்திக்கொண்டார்.

"அக்கா, நான் நாளைக்கு எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடப் போறேன். என்னால முடியல. நீங்களும் அங்க வந்துருங்க."

சரிங்க என்றேன். அந்த 'சரிங்க' எங்கிருந்து வந்ததோ, கெரகம்.

ஜனவரி 26, ஞாயிறு

முனியப்பன் கோயில் வளைவில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். சைக்கிளுக்கெல்லாம் குட்டிக் கொடி. நான் வாழைப்பழக் கூடையோடு ஓரமாக நின்றேன். முட்டியில் நீலக் கட்டு.

நிதின் டாக்டரை முன்னால் அழைத்து ராணி என்று கை தட்டச் சொன்னார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது என் டைம் இல்ல. அன்னைக்கு நான் கார்ல போனேன். வாட்ச் இவங்க கையில இருந்துச்சு. தெரிஞ்சும் ஒரு வாரம் மூடி வச்சிருந்தேன், தப்புதான். நெஜமான ராணி இவங்க. எங்க மகுடேஸ்வரிக்கா."

முப்பது தலையும் என் பக்கம் திரும்பியது. அப்புறம் பார்க்க வேண்டுமே. ஒருவர் என் சைக்கிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு இருபது கிலோ இருக்கும் என்றார். ஒருவர் சீட்டைத் தொட்டுக் கும்பிட்டார். நிஜமாகவே கும்பிட்டார். காவ்யா ஓடி வந்து கட்டிக்கொண்டது. "உங்ககிட்டத் தோத்ததுல எனக்கு சந்தோஷம்க்கா," என்றது. பட்டம் போனதற்கு ஒரு துளி வருத்தம் அந்த முகத்தில் இல்லை.

சும்மா இருந்திருக்கலாம். முட்டியைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். கட்டு கைவசம் இருந்தது. ஆனால் டாக்டர் தலை குனிந்து நின்றார். என்னுடைய பொய்யைத் தூக்கிப்பிடிக்க அவர் தன் மானத்தை விட்டிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நிற்க முடியவில்லை.

"நான் பால் வண்டியப் புடிச்சுட்டுப் போனனுங்க," என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. சங்கிலியைப் பிடிப்பது எப்படி என்று கையால் காட்டினேன். புரிந்தது.

நிதின் முகம் சிவந்துவிட்டது. "இது ஏமாத்தறதுங்க. சீட்டிங்."

எனக்கும் சுருக்கென்று வந்துவிட்டது. "நான் யாரை ஏமாத்துனனுங்க? நான் என்ற பாட்டுக்கு வேலைக்குப் போனேன். மணி பாத்தது நீங்க."

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். காவ்யா வாயைப் பொத்திக்கொண்டது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி?" என்றார்.

"வலிக்கலீங்க," என்றேன்.

டாக்டர் திரும்பி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கரட்டில் ஏறினார். பன்னிரண்டு ஐம்பத்தொன்பது. இதுவரைக்கும் அவர் ஏறியதிலேயே வேகமாம். ஆத்திரத்தில் மிதித்திருப்பார். எனக்கு அழுகை வந்தது. பழத்தை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

சைக்கிளை நானே ஜெனரேட்டர் பக்கம் நிறுத்திவிட்டேன். டாக்டர் பேசவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

பேசவில்லை. "நெக்ஸ்ட்" என்றார். அது நோயாளிக்கு.

ஜனவரி 29, புதன்

பேசவில்லை. இதற்கு வேலையை விட்டே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் கொறடு எந்த டிராயரில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

ஜனவரி 30, வியாழன்

கடைசி நோயாளி போன பிறகு, நான் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது பேசினார்.

"நாளைக்கு ஏழு மணிக்குக் கோயில் வளைவுக்கு வாங்க. பால் வண்டி வேண்டாம். நான் டைம் பாக்கறேன்."

"எதுக்குங்க?"

"உங்க டைம் என்னன்னு எனக்குத் தெரியணும். உங்களுக்கும் தெரியணும்."

அக்கா என்று சொல்லவில்லை. ஆனாலும் வாங்க என்றார்.

ஜனவரி 31, வெள்ளி

முதல் வளைவில் மூச்சு முட்டியது. இரண்டாவது வளைவில் சென்னியப்பனையும் அவன் மருமகளையும் நினைத்துக்கொண்டேன். டாக்டர் பக்கத்திலேயே மெதுவாக வந்தார். அவருடைய சைக்கிள் அவ்வளவு மெதுவாக ஓடத் தெரியாமல் ஆடியது. புளியமரத்து மேட்டில் இறங்கித் தள்ளலாம் என்று காலை ஊன்றினேன்.

"இறங்கினா கணக்குல சேராது," என்றார்.

"காலைத்தானுங்க ஊனுனேன். இறங்கல."

மறுபடி மிதித்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. புடவைத் தலைப்பு வேர்வையில் ஒட்டிக்கொண்டது. ஒன்பது வருஷமாகப் போகிற ரோட்டில் இவ்வளவு மேடு இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. கல்லூரி கேட்டைத் தொட்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்தேன்.

"இருபத்தேழு நிமிஷம் நாப்பது செகண்டு," என்றார் டாக்டர். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "நல்ல டைம்லாம் இல்லக்கா. ஆனா உங்க டைம்."

தண்ணீரைக் குடித்தேன். கண்ணைத் துடைத்தேன். வேர்வைதான்.

பிப்ரவரி 1, சனி

பால் வண்டியைப் பிடித்துப் போனேன். தொடை இரண்டும் கெஞ்சியது. அந்தப் பைத்தியக்காரத்தனம் ஒரு நாளோடு போதும்.

பிப்ரவரி 3, திங்கள்

தவறிப்போய் ஐந்தரைக்கே எழுந்துவிட்டேன். அடுப்பு வேலை சீக்கிரம் முடிந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்து என்ன செய்வது என்று ஏழேமுக்காலுக்குக் கிளம்பிவிட்டேன். காற்றாடப் போனேன். வேறொன்றுமில்லை.

27:22.

பிப்ரவரி 5, புதன்

சென்னியப்பனிடம் இனி எனக்காக மெதுவாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"ஏனுங்கக்கா, நான் எதாச்சும் தப்பாப் பேசிட்டனுங்களா?"

"அதெல்லாம் இல்ல சாமி. டாக்டர் மிதிச்சே ஏறச் சொல்லியிருக்காங்க, சுகருக்கு."

எனக்குச் சுகர் இல்லை. 26:58.

பிப்ரவரி 7, வெள்ளி

27:05. எதிர்க்காற்று. கூடையையும் கேரியரையும் கழற்றினால் என்ன என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். காய்கறி எதில் வாங்கி வருவாய் என்றார். இவரிடம் போய்க் கேட்டேன் பாருங்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

புளியமரத்து மேட்டில் நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருந்தேன். இன்று சாதகமான காற்று, நல்ல நேரம் விழும் என்று மனசுக்குப் பட்டது. பின்னால் பால் வண்டிச் சத்தம் கேட்டது. இன்றைக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறான் என்று நினைத்தேன். ஓரம் ஒதுங்கினேன். வண்டி என்னைத் தாண்டியது.

பின்கதவுச் சங்கிலியைப் பிடித்தபடி, ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக, ஒரு விரலில் தூக்கும் சைக்கிளில் டாக்டர் போய்க்கொண்டிருந்தார்.

"கல்யாண மாப்பிள்ளைக்கா," என்று கத்தினார். "முன்பல்லு ஒடஞ்சு வாசல்ல உக்காந்திருக்காரு. பத்தரைக்கு முகூர்த்தம். கார் சர்வீஸ்ல இருக்கு."

"நல்லாப் புடிச்சுக்குங்," என்று சென்னியப்பன் முன்னாலிருந்து குரல் கொடுத்தான். டாக்டர் சிரித்துக்கொண்டே வளைவில் மறைந்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையை நாற்காலியில் சாய்த்து வேலையை ஆரம்பித்திருந்தார். கையைக் கழுவிக்கொண்டு நானும் நின்றேன். ஒன்பதே முக்காலுக்குள் புதுப் பல் ஏறிவிட்டது. மாப்பிள்ளை சிரித்துப் பார்த்துக்கொண்டு ஓடினார்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். மணிக்கட்டை மெதுவாக என் பக்கம் திருப்பிக் காட்டினார். பத்து நிமிஷம் ஐம்பத்திரண்டு செகண்டு. கண்ணில் குறும்பு.

"இதை ஏத்திரலாமாக்கா? ராணி ஆயிருவேன்."

எனக்கு வந்ததே ஒரு கோபம். இருபத்தாறு நிமிஷம் பன்னிரண்டு செகண்டு நான் உயிரைக் கொடுத்து மிதித்திருக்கிறேன். ஒருவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டே போவாராம், நேரத்தையும் காட்டுவாராம்.

"அதெல்லாம் சேராதுங்க டாக்டர்," என்றேன். "முதல்ல அதை அழிங்."